செங்கல் எண்ணுவதற்கு நான்கு வருஷமா?

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார்கள். பேரன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டான். கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்தவன், மதிப்பெண்ணும் குறைவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் தாய்மாமன், பையன் குவான்டிட்டி சர்வேயிங் படிக்கட்டும், அதுவும் வெளிநாட்டில் படிக்கட்டும் என்கிறார். காரைக்குடியில் நாலு பேரிடம் விசாரித்ததில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். “செங்கல் எண்ணுகிற வேலைக்கு நான்கு வருஷப் படிப்பா? இங்கேயே படிக்க முடியாதா? போட்ட பணம் திரும்புமா?” இவைதான் ஆச்சியின் மூன்று கேள்விகள்.

ஆச்சி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பிறகு வாசித்துக்கொள்ளுங்கள். பையனை இங்கேயே சிவில் இன்ஜினியரிங்கில் சேருங்கள். முடித்த பின் இரண்டு மூன்று ஆண்டுகள் கட்டுமான வேலையில் இருக்கட்டும். அதற்குப் பிறகும் இந்தத் துறைதான் வேண்டும் என்று அவன் நின்றால், குவான்டிட்டி சர்வேயிங்கில் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு வெளிநாடு அனுப்புங்கள். இளநிலைப் பட்டத்துக்கே வெளிநாடு என்பது ஒரே ஒரு சூழ்நிலையில்தான் கட்டுபடியாகும். அதையும் கீழே சொல்கிறேன். பேரனுக்குப் பதில் பேத்தியைப் பற்றிக் கேட்டிருந்தாலும் இதே பதில்தான்.

இது நிலம் அளக்கும் சர்வேயர் வேலை அல்ல. கட்டடம் எழும் இடத்தில் பணம் எதற்காக, எவ்வளவு, எப்போது கைமாற வேண்டும் என்று சொல்கிறவர் குவான்டிட்டி சர்வேயர். தொழிலில் எல்லோரும் க்யூ.எஸ். என்றுதான் சொல்வார்கள். வரைபடம் முழுமை பெறுவதற்கு முன்பே உத்தேசச் செலவு சொல்வார். வரைபடம் வந்ததும் ஒவ்வொரு வேலையின் அளவையும் எடுத்து, விவரத்தோடு பட்டியல் தயாரிப்பார். ஒப்பந்ததாரர்கள் கொடுத்த டெண்டர்களை ஒப்பிட்டு, எது உண்மையான விலை, எது வேலையைப் பிடிப்பதற்காகப் போட்ட விலை என்று பார்ப்பார். வேலை தொடங்கியபின் மாதாமாதம் முடிந்ததை மதிப்பிட்டு பில்லைச் சரிபார்ப்பார். நடுவில் உரிமையாளர் மனம் மாறி இடிக்கச் சொன்னதற்கும் கூட்டச் சொன்னதற்கும் விலை வைப்பார். கடைசியில் இறுதிக் கணக்கை முடிப்பார். அவர் உரிமையாளர் பக்கமும் இருக்கலாம், ஒப்பந்ததாரர் பக்கமும் இருக்கலாம். ஒரே சுவரை இருவரும் அளப்பார்கள். இரண்டு எண் வரும். எந்த எண் நிற்கும் என்பதில்தான் இருவருக்கும் சம்பளம்.

செங்கல் எண்ணுவது என்று நீங்கள் கேட்டதில் தவறில்லை. சிவிலில் மூன்றாம் ஆண்டு வரை வந்துவிட்ட மாணவர்களில் பலருக்கும் அதே எண்ணம்தான். ஒரு சன்னலை வைத்து விளக்கிவிடுகிறேன். கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர் வீடு ஒன்றுக்குப் புதிதாகச் சுண்ணாம்புப் பூச்சு பூச வேண்டும். 6 மீட்டர் நீளம், 3.60 மீட்டர் உயரத்தில் ஒரு சுவர். ஒரு பக்கம் 21.60 சதுர மீட்டர், இரு பக்கமும் சேர்த்து 43.20. அந்தச் சுவரில் 1.20க்கு 1.50 மீட்டர் அளவில் ஒரு சன்னல்; அதன் பரப்பு 1.80. சன்னல் இருக்கும் இடத்தில்தான் பூச்சு இல்லையே, இரு பக்கமும் கழித்துவிட வேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். அப்படிக் கழித்தால் 39.60. ஆனால் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 1200 என்கிற அளவீட்டு விதித்தொகுப்பில், பூச்சு வேலைக்கான 12ஆம் பகுதி வேறு விதமாகச் சொல்கிறது. திறப்பு அரை சதுர மீட்டருக்குள் இருந்தால் கழிக்கவே கூடாது. அரை முதல் 3 சதுர மீட்டர் வரை இருந்து, இரு பக்கமும் ஒரே பூச்சாகவும் இருந்தால், ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும்; சன்னலின் உட்பக்கவாட்டுகளைப் பூசியதற்காகத் தனியே எதுவும் சேர்க்கக் கூடாது. கழிக்காமல் விட்ட மறுபக்கம் அதற்கு ஈடு. 3 சதுர மீட்டரைத் தாண்டினால் இரு பக்கமும் கழித்துவிட்டு, பக்கவாட்டுகளை அளந்து சேர்க்க வேண்டும். ஆகவே நம் சுவருக்கு 41.40 என்பதே பில்லில் வர வேண்டிய அளவு.

இதுவரை மனப்பாடம். இனிமேல்தான் க்யூ.எஸ். வேலை. ஈடு என்றார்களே, அது உண்மையில் ஈடாகிறதா? சன்னலின் சுற்றளவு 5.40 மீட்டர். இப்போது கட்டுகிற வீடுகளில் சுவர் கனம் 23 சென்டிமீட்டர்; சன்னல் சட்டத்துக்கு 10 போனால் மிச்சம் 13. பெருக்கினால் பூச வேண்டிய பக்கவாட்டு 0.70 சதுர மீட்டர். ஒப்பந்ததாரருக்குக் கிடைப்பது 1.80, பூசுவது 0.70. அவருக்கு லாபம், வாயைத் திறக்க மாட்டார். பழைய வீட்டில் சுவர் கனம் 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டு 50 சென்டிமீட்டர் ஆகிறது. பூச வேண்டியது 2.70 சதுர மீட்டர், கிடைப்பது அதே 1.80. சன்னலுக்கு 0.90 சதுர மீட்டர் கைநஷ்டம். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் திறக்கிற வீட்டில் எத்தனை சன்னல் இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பு, மேலே முட்டை வெள்ளைக்கரு கலந்த மெருகு என்றால் சதுர மீட்டர் விலையே வேறு.

விவரம் தெரிந்த ஒப்பந்ததாரர் இதைக் கணக்கிட்டு விலையைக் கூட்டிப் போடுவார். தெரியாதவர் குறைத்துப் போட்டு வேலையை எடுத்து, இரண்டாம் கட்டு வருவதற்குள் கையைப் பிசைந்து, ஆட்களைக் குறைத்து, கடைசியில் வராமலே இருந்துவிடுவார். சாரம் கட்டியபடி நிற்கும் வீடு யாருடையது? நல்ல க்யூ.எஸ். அளவுப் பட்டியல் எழுதும்போதே, இந்த வேலையில் சன்னல், கதவுப் பக்கவாட்டுகள் தனியாக அளக்கப்பட்டுத் தனி விலை தரப்படும் என்று ஒரு வரி சேர்த்துவிடுவார். விதியைத் தெரிந்துகொள்ள ஒரு வாரம் போதும். அந்த விதி எந்தச் சுவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, இந்தச் சுவருக்கு அது பொருந்துமா என்று யோசிக்கப் பழகுவதற்குத்தான் ஆண்டுக்கணக்கு.

கணினியே எல்லாவற்றையும் எண்ணிவிடாதா என்று தாய்மாமனிடம் யாராவது கேட்டிருப்பார்கள். எண்ணிவிடும். முப்பரிமாண மாதிரியாக வரைந்த கட்டடத்திலிருந்து கான்கிரீட், கம்பி, பூச்சு எல்லாம் ஒரு சொடுக்கில் வருகிறது. வருவது வடிவக் கணக்கின்படியான நிகர அளவு. எதைக் கழிப்பது, எதை விடுவது, எந்த வேலையை எந்த விலைக்குள் அடக்குவது என்பது ஒப்பந்தத்தின்படியான அளவு. இரண்டும் ஒன்றல்ல என்று தெரியாதவர்களின் வேலைதான் போகும். உட்கார்ந்து எண்ணிக்கொண்டு மட்டும் இருப்பவர்களுக்கு இந்தத் துறையில் எதிர்காலம் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொரு சிறிய உதாரணம், உங்களுக்குப் பழக்கமான பொருளிலிருந்தே. ஆத்தங்குடிக் கல் 10 அங்குலச் சதுரமாக வாங்கினால் 144 கல்லுக்கு 100 சதுர அடி, அதாவது கொத்தனார் சொல்கிற ஒரு சதுரம். கையால் கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கிற கல். வண்டியில் வரும்போதும் ஓரத்துக்கு வெட்டும்போதும் உடையத்தான் செய்யும். அதனால் வாங்கும்போது கூடுதலாகத்தான் வாங்க வேண்டும். ஆனால் அளவுப் பட்டியலில் தரையின் நிகரப் பரப்பு மட்டுமே வரும். உடைசலும் வெட்டுக் கழிவும் ஒப்பந்ததாரர் போடுகிற விலைக்குள் அடக்கம். புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள் நல்லெண்ணத்தோடு பரப்பிலும் ஐந்து சதவீதம் கூட்டி எழுதிவிடுவார்கள். ஒப்பந்ததாரர் விலையிலும் ஏற்கெனவே சேர்த்திருப்பார். ஒரே உடைசலுக்கு உரிமையாளர் இரண்டு முறை பணம் கட்டுவார்.

அளவு இந்தத் தொழிலில் ஒரு பாதிதான். மறுபாதி ஒப்பந்தமும் எழுத்தும். பல நாடுகளின் பெரிய வேலைகளில், குறிப்பாக வளைகுடாவில், ஃபிடிக் என்கிற பன்னாட்டு ஒப்பந்தப் படிவம் புழங்குகிறது. அதில் சிவப்புப் புத்தகம் என்று சொல்லப்படுவதன் 1999ஆம் ஆண்டுப் பதிப்பு இன்னும் பல இடங்களில் நடப்பில் இருக்கிறது. அதன் 20.1ஆம் பிரிவைக் கேளுங்கள். உரிமையாளர் இடத்தை ஒப்படைக்கத் தாமதித்துவிட்டார், அதனால் ஒப்பந்ததாரருக்கு நஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். நியாயம் முழுவதும் அவர் பக்கம். ஆனால் விஷயம் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாட்களுக்குள் எழுத்துமூலம் அறிவிக்கவில்லை என்றால், கூடுதல் அவகாசமும் இல்லை, கூடுதல் பணமும் இல்லை. விவரமான கோரிக்கையைக் கொடுக்க 42 நாள். வேலையிடத்தில் எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள், பெரியவர் வாயால் ஒப்புக்கொண்டார் என்பதெல்லாம் செல்லாது. அந்த 28 நாட்களுக்குள், பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, கோபம் தெரியாமல், ஒரு பக்கத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதுகிறவர் க்யூ.எஸ்.

இதனால்தான் பையனைப் பற்றி நான் முதலில் கேட்கிற கேள்வி கணித மதிப்பெண் அல்ல. பெருக்கலும் வகுத்தலும் யாருக்கும் வரும். அவனுக்கு எழுத வருமா? நீளமான, சலிப்பூட்டும் ஒப்பந்த வாசகத்தை இரண்டு முறை பொறுமையாக வாசிப்பானா? ஒரு தொகை தவறு என்று தெரிந்தால், தன்னைவிட வயதில் மூத்தவரிடம் அதை முகத்துக்கு நேரே மரியாதையாகச் சொல்வானா? இந்த மூன்றும் இருந்தால் தைரியமாக அனுப்பலாம். மூன்றும் இல்லாமல் கணிதம் மட்டும் இருந்தால் கட்டமைப்பு வடிவமைப்பு போன்ற வேறு கிளைகள் சிவிலிலேயே இருக்கின்றன.

நேராக இந்தப் பெயரிலேயே பட்டம் தருகிற பல்கலைக்கழகங்களில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்? கட்டுமானத் தொழில்நுட்பம், வரைபடம் வாசித்தல், அளவெடுத்தல், மின்சாரம், குளிரூட்டல், குழாய் போன்ற சேவைகள், கட்டுமானப் பொருளாதாரம், ஒப்பந்தச் சட்டம், டெண்டர் முறைகள், செலவுத் திட்டமிடல், தகராறுத் தீர்வு, கடைசியில் ஓர் ஆய்வேடு. பாலம் எப்படி நிற்கிறது என்ற இயக்கவியல் கணக்கு அநேகமாக இருக்காது. அதனாலேயே பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் இந்தப் படிப்புக்குக் கணிதமும் இயற்பியலும் கட்டாயம் என்று கேட்பதில்லை. வணிகவியல் எடுத்த பிள்ளைகளுக்கும் அங்கே கதவு திறந்திருக்கிறது. நம் பக்கத்தில் பி.காம். படித்துவிட்டுக் கட்டுமான நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. வேறு துறையில் பட்டம் பெற்றவர்களை எடுத்துக்கொள்ளும் முதுநிலைப் படிப்புகளும் உண்டு.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். இந்தியாவில் இளநிலையிலேயே குவான்டிட்டி சர்வேயிங் என்ற பெயரில் பட்டம் தரும் இடங்கள் மிகக் குறைவு. இங்கே இந்த வேலைக்கு வழக்கமான வாசல் சிவில்தான். அதற்கு நீங்கள் ஊரை விட்டே போக வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 1952இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி காரைக்குடியிலேயே இருக்கிறது. இப்போது அது அரசுக் கல்லூரி, சிவில் துறையும் உண்டு. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வு வழியாகச் சேரலாம், செலவும் கைக்கு அடங்கும். நேராக இடம் கிடைக்காவிட்டால் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்து, இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழியும் இருக்கிறது. அந்த வழியில் வந்தவர்கள் அளவெடுப்பதில் பெரும்பாலும் கெட்டிக்காரர்களாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். சிவிலில் மதிப்பீடும் விலை நிர்ணயமும் பொதுவாக ஒரு பருவப் பாடம்தான், தேர்வோடு மறந்துவிடுவார்கள். உங்கள் பேரன் அந்த ஒரு பாடத்தை மட்டும் மற்றவர்களைப் போலப் படிக்கக் கூடாது.

மேலே படிக்க இங்கேயும் இடங்கள் உண்டு. சென்னை ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டிக் கல்லூரி ஆகிய மூன்றிலும் கட்டுமான மேலாண்மையில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. புனேயில் கட்டுமான மேலாண்மைக்கென்றே தொடங்கிய நிக்மார் இருக்கிறது. இவற்றில் க்யூ.எஸ். ஒரு பகுதியாக வரும். அரசு வேலைதான் வேண்டும் என்றால் இன்னொரு தகவல்: யு.பி.எஸ்.சி. நடத்தும் பொறியியல் பணித் தேர்வில், ராணுவப் பொறியியல் சேவையின் சர்வேயர் பிரிவுக்கென்றே, குவான்டிட்டி சர்வேயிங்கும் ஒப்பந்தமும் பார்க்கும் உதவிச் செயற்பொறியாளர் பதவி இருக்கிறது. சிவில் பட்டம் இருந்தால் எழுதலாம். நம் பக்கத்தில் இது அதிகம் பேருக்குத் தெரிவதில்லை.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். மூன்று மாதத்தில் க்யூ.எஸ். டிப்ளமோ, வளைகுடாவில் வேலை உறுதி என்று ஊருக்கு ஊர் பலகை வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் மென்பொருளை உருப்படியாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. சிவில் முடித்தவன் அந்தக் கட்டணத்துக்கு அதைக் கற்றுக்கொண்டால் லாபம்தான். ஆனால் அது பட்டத்துக்கு மாற்றாகாது. வேலை உறுதி என்று வாயால் சொல்வதை எழுத்தில் கேளுங்கள். கிடைக்கிற பதிலே போதும்.

இனி வெளிநாடு. இந்தத் தொழிலுக்கு உலகம் முழுக்க மதிப்புள்ள முத்திரை ஆர்.ஐ.சி.எஸ். என்கிற லண்டன் அமைப்பின் உறுப்பினர் தகுதி. 1868இல் தொடங்கி, 1881இல் அரச சாசனம் பெற்ற பழைய அமைப்பு அது. பட்டம் வாங்கிவிட்டால் மட்டும் உறுப்பினர் ஆகிவிட முடியாது. அந்த அமைப்பு அங்கீகரித்த படிப்பை முடித்து, மூத்த ஒருவரின் மேற்பார்வையில் வழக்கமாக இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து, தான் பார்த்த வேலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதி, நேர்முகத் தேர்வில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். நகரத்தார் கடல் கடந்து கொண்டுவிற்ற காலத்தில் பர்மாவிலும் மலாயாவிலும் பெட்டியடிப் பையனாகக் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடையில் ஏறி, அடுத்தாள் ஆகி, பிறகு மேலாள் ஆனார்கள் அல்லவா, அந்தப் படிமுறைதான் இது. மேலாளுக்குக் கீழே நின்று பழகாமல் எவரையும் தனியே கணக்குப் பார்க்க விடுவதில்லை.

பிரிட்டனில் ரெடிங், லவ்பரோ, நாட்டிங்ஹாம் டிரென்ட், நார்தம்பிரியா, சால்ஃபோர்டு, ஹெரியட் வாட் என்று பல இடங்களில் இந்தப் படிப்பு இருக்கிறது. ஹெரியட் வாட்டுக்கு துபாயிலும் மலேசியாவிலும் வளாகங்கள் உண்டு. இங்கிலாந்தில் இளநிலை மூன்று ஆண்டு. நடுவில் ஓராண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தால் நான்கு. ஸ்காட்லாந்தில் நான்கு ஆண்டு. முதுநிலை முழுநேரம் ஓராண்டு. மூன்றாண்டுக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும், ஓராண்டுக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆர்.ஐ.சி.எஸ். தேர்வுக்கு உட்காரும் தகுதி இரண்டு வழியிலும் வந்துவிடுகிறது. அதற்கு மேல், சிவில் பட்டம் கையில் இருந்தால் க்யூ.எஸ். பிடிக்காமல் போனாலும் பையனுக்கு வேறு வழி உண்டு. வெளிநாட்டில் வாங்கிய வெறும் க்யூ.எஸ். இளநிலைப் பட்டத்தோடு ஊர் திரும்பினால், சிவில் பட்டம் கேட்கிற அரசுப் பணிகளில் பெரும்பாலும் கதவு சாத்தியிருக்கும். என் யோசனைக்கு இதுவே முதல் காரணம்.

தாய்மாமன் இருக்கும் சிங்கப்பூரைப் பற்றி. அங்கே அரசின் கட்டணச் சலுகையோடு இளநிலை படிக்கிற வெளிநாட்டு மாணவர், படிப்பு முடிந்ததும் 3 ஆண்டுகள் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை பார்ப்பதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும். இதைச் சுமையாகப் பார்ப்பவர்கள் உண்டு. வேலைப் பழக்கம் வேண்டிய துறையில் இதை நான் சுமையாக நினைக்கவில்லை. ஆனால் மாமன் அங்கே நிரந்தரவாசி என்பதால் மருமகனுக்கு அங்கே வேலை உரிமை வந்துவிடாது. இந்தக் கணக்கில் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. மலேசியாவில் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குவான்டிட்டி சர்வேயர்களுக்கென்று அரசு வாரியமே இருக்கிறது. பதிவு இல்லாமல் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொண்டு தொழில் செய்ய முடியாது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டமும் பதிவும் கிடையாது. இலங்கையில் மொரட்டுவைப் பல்கலைக்கழகம் இந்தத் துறையில் பெயர் பெற்றது. வளைகுடாவில் எந்தப் பெரிய க்யூ.எஸ். அறைக்குள் நுழைந்தாலும் சிங்களமோ யாழ்ப்பாணத் தமிழோ காதில் விழுவது அதனால்தான். கட்டடத் தொழிலாளர்களையும் பொறியாளர்களையும் நாம் ஏராளமாக அனுப்பினோம். பில் எழுதும் நாற்காலியில் அவர்கள் போய் உட்கார்ந்தார்கள்.

முன்பு ஒரே ஒரு சூழ்நிலை என்றேனே, அது இதுதான். பெற்றோரே அந்த நாட்டில் குடியிருந்து, பையன் படித்து முடித்த பின்னும் அங்கேயே வாழப்போகிறான் என்பது உறுதியானால், இளநிலையையே அங்கே படிப்பது சரி. அளவீட்டு விதி, ஒப்பந்தப் படிவம், பதிவு எல்லாமே நாட்டுக்கு நாடு மாறுகின்றன. அளவீட்டு விதி பிரிட்டனில் என்.ஆர்.எம். 2, இங்கே ஐ.எஸ். 1200. எங்கே வேலை பார்க்கப் போகிறானோ அங்கே பழகுவது நல்லதுதான். உங்கள் வீட்டு நிலைமை அது இல்லை என்று நினைக்கிறேன்.

எந்த நாட்டுக் கல்லூரியானாலும் பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியது, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, அந்தக் குறிப்பிட்ட வளாகத்தில், அங்கீகாரம் இப்போது நடப்பில் இருக்கிறதா என்பது. பல்கலைக்கழகத்துக்கு இருக்கிறது என்றால் போதாது. பக்கத்து வகுப்பறையில் நடக்கும் கட்டுமான மேலாண்மைப் படிப்புக்கு இருந்து, இதற்கு இல்லாமலும் போகலாம். முகவர் அச்சடித்துக் கொடுக்கும் தாளை நம்பாமல் ஆர்.ஐ.சி.எஸ்.இன் சொந்தப் பட்டியலில் தேடச் சொல்லுங்கள். பையனே தேடட்டும், வாசிக்கிற பொறுமை இருக்கிறதா என்று உங்களுக்கும் தெரிந்துவிடும்.

கல்லூரி திறக்கும் வரை அவன் சும்மா இருக்க வேண்டாம். உங்கள் வீட்டின் பட்டாலையிலோ வளவிலோ ஏதாவது ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு நாடா, ஒரு நோட்டு. முதலில் கையால் வரைபடம். பிறகு நோட்டில் கட்டம் போட்டு எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம், மொத்தம் என்று எழுதட்டும். அரசு அலுவலகங்களில் எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் இதே கட்டங்கள்தான். தேக்குத் தூண்களை எப்படி அளப்பது? அடியில் பருத்து மேலே சிறுத்தால் எந்த இடத்து அளவு கணக்கு? செதுக்கு வேலை உள்ள கதவு நிலையைக் கன அடியில் எழுதினால் தச்சருக்கு நியாயமா? ஓட்டுக் கூரையைத் தரைப் பரப்பாகவா, சரிவின் வழியாகவா அளப்பது? ஒவ்வொன்றுக்கும் தன் பதிலை எழுதி, காரணத்தையும் ஒரு வரியில் எழுதட்டும். பிறகு ஊரில் நல்ல கொத்தனார் ஒருவரிடம் அந்த நோட்டைக் காட்டட்டும். அவர் சொல்லும் மறுப்புகளைக் குறித்துக்கொள்ளட்டும். அது முடிந்தும் அவனுக்கு அலுப்புத் தட்டவில்லை என்றால் தாய்மாமன் சரியாகத்தான் கணித்திருக்கிறார். அதோடு எக்செல் பழகட்டும். மாதம் இரண்டு கடிதம், ஏதாவது ஒரு உண்மையான விஷயத்துக்கு, ஆங்கிலத்தில் எழுதட்டும். மின்வாரியத்துக்குப் புகார் எழுதினால்கூடப் போதும்.

போட்ட பணம் திரும்புமா என்ற மூன்றாம் கேள்வி. இங்கே சிவில் படித்தால் போடுகிற பணம் அதிகமில்லை, எனவே அந்தக் கேள்வி பெரிதாக எழாது. தொடக்கச் சம்பளம் மட்டும் ஏமாற்றமாகவே இருக்கும், முதல் சில ஆண்டுகள் ஐ.டி. நண்பர்களைப் பார்த்துப் பொருமுவான். பிறகு ஏறும்; கோரிக்கை எழுதவும் இறுதிக் கணக்கு முடிக்கவும் தெரிந்தவர்களுக்கு நன்றாகவே ஏறும். கட்டுமானம் படுத்தால் இந்த வேலையும் படுக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. 2008இன் இறுதியில் துபாயில் வேலைகள் நின்றபோது பலர் பெட்டி கட்டினார்கள். ஆனால் பாதியில் நின்ற வேலைகளின் கணக்கை முடிக்க ஆள் தேவைப்பட்டதும் அப்போதுதான்.

முதுநிலைக்கு வெளிநாடு போகும்போது கல்விக்கடன் வாங்குவதானால், பொதுத்துறை வங்கிகள் பொதுவாக ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேல் சொத்தை ஈடாகக் கேட்கும். வீடுதான் இருக்கிறதே என்று நினைத்துவிடாதீர்கள். பாகம் பிரியாத வீட்டை, பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போடாமல் எந்த வங்கியும் எடுக்காது. உங்கள் பெயரிலோ மகள் பெயரிலோ தனியாக மனையோ நிலமோ இருந்தால் அதன் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் இப்போதே ஒரு வக்கீலிடம் காட்டி வையுங்கள். வீட்டைத்தான் வைக்க வேண்டும் என்றால் பையன் சிவிலில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே பங்காளிகளிடம் பேச்சைத் தொடங்குங்கள். ஒருவர் கோயம்புத்தூரிலும் ஒருவர் கோலாலம்பூரிலும் இருந்தால், கையெழுத்துகள் வந்து சேரவே ஒரு வருஷம் ஆகும்.